பாய லேபார் வட்டத்துக்குள் ஒரே ஒரு படம்: ட்ரோனுக்கு அனுமதி கிடைக்குமா?

காத்தாடி_ஹவ்காங் | மார்ச் 2, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

சிங்கப்பூர் ஹவ்காங்கில் என் பெற்றோர் 1986ல் குடிவந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வரும் மே மாதக் கடைசியில் ஒப்படைக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் முடியவில்லை, ஈரறை வீட்டுக்கு மாறுகிறார்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா ஒன்று கேட்டார். "நம்ம புளோக் மேலேயிருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்க்கணும்டா." காப்பிக்கடைக் கூரை, நான் பந்தடித்த திடல், அம்மா மூங்கில் கழியில் துணி காயப்போடும் சன்னல், எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது ரொம்பக் குறைவு.

என்னிடம் 249 கிராம் ட்ரோன் ஒன்று இருக்கிறது. ஒன்றரை வருஷமாக, தடை இல்லாத இடங்களில் மட்டும் பறக்கவிட்டுப் பழகியிருக்கிறேன். ஒன்மேப் இணைய வரைபடத்தில் பார்த்தால் எங்கள் புளோக் பாய லேபார் விமானப்படைத் தளத்தின் ஐந்து கிலோமீட்டர் தடை வட்டத்துக்குள் நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறது. என்னைப் போல் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிற தனி ஆளுக்கு அனுமதி கொடுப்பார்களா? "விண்ணப்பிக்கவே வேண்டாம், வீண் வேலை" என்கிறார் ஒரு நண்பர். உண்மையிலேயே வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ராஜா_ஜூரோங் | மார்ச் 2, இரவு 10:05

249 கிராம்தானே நண்பரே, அதுக்கு ஒன்றும் வேண்டியதில்லை. ஞாயிறு விடிகாலை ஏற்றி ரெண்டு நிமிஷத்தில் படம் எடுத்து இறக்கிவிடுங்கள்.

வானோடி | மார்ச் 2, இரவு 11:20

ராஜா தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை நம்பி யாராவது மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் நேராகவே சொல்கிறேன்: நீங்கள் சொன்னது தவறு.

250 கிராம் கணக்கு பதிவுக்கு. அதற்கு மேல் எடையுள்ளதை சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவுசெய்து ஒட்டுவில்லை ஒட்ட வேண்டும். 2020 ஜனவரி 2லிருந்து இந்த விதி இருக்கிறது. 249 கிராம் என்றால் பதிவு வேண்டாம், அவ்வளவுதான். விமான நிலையம், விமானப்படைத் தளம் ஆகியவற்றின் ஐந்து கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது என்ற விதி எல்லா எடைக்கும் பொருந்தும். அங்கே பத்தடி உயரத்துக்கும் அனுமதி வேண்டும். வட்டத்துக்கு வெளியே என்றால் கடல்மட்டத்திலிருந்து 200 அடி, அதாவது ஏறத்தாழ 60 மீட்டர் வரை பொழுதுபோக்குக்குப் பறக்கலாம். அதைத் தாண்டினால் அனுமதி.

அனுமதி இல்லாமல் வட்டத்துக்குள் பறந்து பிடிபட்டால் முதல் முறைக்கே 50,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 100,000 வெள்ளி, ஐந்து வருஷம். "ரெண்டு நிமிஷம்தானே" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

காத்தாடி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொடுப்பார்கள். தனி ஆளாக நான் மூன்று முறை வாங்கியிருக்கிறேன், ஒரு முறை மறுத்தார்கள். உங்களுக்கு வேண்டியது கிளாஸ் 2 நடவடிக்கை அனுமதி. பொழுதுபோக்குக்கோ ஆராய்ச்சிக்கோ பறப்பவர்களுக்கு உள்ளது அது. காசு வாங்கிக்கொண்டு படமெடுப்பவர்களின் கதை வேறு, அவர்களுக்கு ட்ரோன் இயக்குபவருக்கான அனுமதியும் கிளாஸ் 1ம் வேண்டும். அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் வழியாக உள்ளே போய் விண்ணப்பிக்கலாம். ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: மே கடைசி வரை காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள்.

பழைய_டெக்னீஷியன் | மார்ச் 3, காலை 6:50

தேசிய சேவைக் காலத்தில் ஓடுபாதைப் பக்கம் வேலை பார்த்தவன். ஏன் இந்த ஐந்து கிலோமீட்டர் என்று பலருக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

இறங்கும் விமானம் பொதுவாக மூன்று டிகிரிச் சரிவில் வரும். ஓடுபாதை முனையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி அது தரையிலிருந்து எழுபது மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கும். இரண்டு கிலோமீட்டரில் 120 மீட்டர் மாதிரி. ஐந்து கிலோமீட்டரில்கூட 300 மீட்டரைத் தாண்டாது. உங்கள் 60 மீட்டர் ட்ரோனும் விமானமும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் சந்திக்கிற இடங்கள் உண்மையாகவே இருக்கின்றன. பாய லேபாரில் எஃப்-15 போர் விமானங்களும் சி-130 சரக்கு விமானங்களும் இருக்கின்றன. செம்பவாங்கில் ஹெலிகாப்டர்கள். அவை இந்தச் சரிவுக் கணக்குக்குள் அடங்காது, தாழ்வாகக் குறுக்கே வரும்.

எஞ்சின் நுழைவாயில் முன்னால் தரையில் கிடக்கும் ஒரு ஆணியைக்கூட குனிந்து பொறுக்கி எடுத்துப் பையில் போடப் பழக்கப்பட்டவர்கள் நாங்கள். கால் கிலோ பேட்டரியும் மோட்டாரும் உள்ளே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2019 ஜூன் 18 இரவு சாங்கி அருகே ட்ரோன்கள் தென்பட்டதால் ஓர் ஓடுபாதையை அவ்வப்போது மூடவேண்டியதாகி 37 விமானங்கள் தாமதமாயின. ஒரு வாரத்துக்குள் மறுபடியும் நடந்தது. யாரோ ஒருவர் விளையாட்டாகச் செய்திருக்கலாம். அந்த 37 விமானத்திலும் ஆட்கள் இருந்தார்கள்.

ராஜா_ஜூரோங் | மார்ச் 3, காலை 8:15

சரி அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். நேற்று எழுதியதை நீக்கவில்லை, மற்றவர்கள் பதிலையும் சேர்த்துப் படிக்கட்டும். ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுப் பக்கம் ட்ரோனின் செயலியைத் திறந்தால் எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. நான் தெங்கா தளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். செயலியே விடுகிறதே என்றுதான் நினைத்துவிட்டேன்.

வானோடி | மார்ச் 3, மதியம் 12:40

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு. செயலியில் இருக்கும் எல்லைகள் ட்ரோன் தயாரித்த நிறுவனம் போட்டவை. அவை நம் சட்டத்தின் எல்லையோடு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. செயலி விட்டால் மோட்டார் சுற்றும், சட்டம் விட்டதாக ஆகாது. இதற்கு மறுதலையும் உண்டு: கையில் அனுமதி இருந்தும் செயலி பூட்டிக்கொண்டு ஏற மறுக்கலாம், அப்போது நிறுவனத்திடம் தனியாகத் திறக்கச் சொல்லி வாங்க வேண்டும். பறக்கிற அன்று காலையில் இது தெரியவந்தால் அழுகை வந்துவிடும்.

பார்க்க வேண்டியது ஒன்மேப். நில ஆணையத்தின் வரைபடம் அது. ட்ரோன் அடுக்கைப் போட்டால் விமானத் தளங்கள், பாதுகாக்கப்பட்ட இடங்கள், அபாயப் பகுதிகள் எல்லாம் நிறத்தோடு தெரியும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், செம்பவாங், தெங்கா என்று ஐந்து வட்டங்களைப் போட்டுப் பார்த்தால் இந்தச் சின்னத் தீவில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். ஈசூன், தெம்பனிஸ், ஹவ்காங் வாசிகள் யாரும் வீட்டு வாசலில் ஏற்ற முடியாது. தேசிய தின அணிவகுப்புக்கும் அதன் ஒத்திகைகளுக்கும் தற்காலிகத் தடை வேறு வரும். அதனால் வரைபடத்தை பறக்கிற அன்றும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

மீனாள் | மார்ச் 3, இரவு 8:30

காத்தாடித் தம்பி, வானத்துக்கு அனுமதி வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நான் படம்பிடிப்பு வேலையில் இருக்கிறேன். நான்கு வருஷம் முன்பு எல்லாத் தாளும் கையில் வைத்துக்கொண்டு, அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து, மூன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு திறந்தவெளிக்குப் போனேன். காவலர் வந்து "இந்த நிலத்தின் பொறுப்பாளர் கடிதம் எங்கே?" என்றார். என்னிடம் இல்லை. வானத்துக்கான கடிதத்தைக் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "அம்மா, இது மேலே. நீங்கள் நிற்பது கீழே" என்றார். அவர் சொன்னது சரிதான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஏற்றி இறக்குகிற நிலம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புளோக்கின் கீழ்த்தளம், நடைபாதை இவையெல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம். நீர்த்தேக்கம் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம். வெறும் திடல் என்றால் பெரும்பாலும் அரசு நிலம், நில ஆணையத்தைக் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அக்கம்பக்கத்தார். சன்னல் உயரத்தில் ட்ரோன் வந்து நின்றால் உள்ளே இருக்கும் பெண்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மின்தூக்கி அருகே ஒரு தாள் ஒட்டுவதற்கும் நகர மன்றத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாள், நேரம், எதற்காக என்று நான்கு மொழியிலும் எழுதுங்கள். உங்கள் அப்பா பெயரைப் போட்டால் பாதிப் பேர் கீழே வந்து கையசைப்பார்கள்.

காத்தாடி_ஹவ்காங் | மார்ச் 5, இரவு 10:10

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. விண்ணப்பத்தில் எழுதப்போவதை இங்கே போடுகிறேன். தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

நோக்கம்: பொழுதுபோக்குப் படமெடுப்பு. இடம்: ஹவ்காங், எங்கள் புளோக் சுற்றுவட்டாரம். உயரம்: 80 மீட்டர் (தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று கூடுதலாக). நாள்: ஏப்ரல், மே மாத வார இறுதிகள். நேரம்: காலை முதல் மாலை வரை. ஏற்றுமிடம்: புளோக்குக்கு மேற்கே உள்ள கார் நிறுத்துமிட உச்சி. கிழக்கு நோக்கிப் படமெடுப்பேன்.

வானோடி | மார்ச் 6, காலை 7:30

இப்படியே அனுப்பினால் திரும்பி வந்துவிடும். எனக்கு மறுத்தார்கள் என்று சொன்னேனே, அந்த விண்ணப்பம் கிட்டத்தட்ட இதே மாதிரி இருந்தது.

படிக்கிறவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவர் மேசையில் அந்த வாரத்துப் பறப்புத் திட்டங்கள் இருக்கின்றன. "சுற்றுவட்டாரம்", "வார இறுதிகள்", "காலை முதல் மாலை வரை" என்றால் இரண்டு மாதம் அந்த வானத்தை உங்களுக்காக ஒதுக்கிவைக்கச் சொல்கிறீர்கள். அவரால் சரி என்று சொல்ல முடியாது. "இந்த ஞாயிறு, மழை வந்தால் அடுத்த ஞாயிறு, காலை 7:45 முதல் 8:30 வரை, இந்தத் திடலின் இந்த நான்கு மூலைகளுக்குள்" என்று எழுதுங்கள். மூலைகளின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுங்கள், வரைபடத்தில் கோடு போட்டு இணையுங்கள்.

உயரம். புளோக் 12 மாடி என்றால் 35 மீட்டர் சுமாராக இருக்கும். எதற்கு 80? கட்டடத்துக்கு நேர் மேலே போக நினைக்கிறீர்கள் போல. போகாதீர்கள். நேர் மேலேயிருந்து எடுத்தால் தண்ணீர்த் தொட்டியும் தார் பூசிய கூரையும்தான் தெரியும். அப்பா கேட்டது சன்னல். 70 மீட்டர் தள்ளி, 40 மீட்டர் உயரத்தில் நின்று கேமராவைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். உங்கள் லென்ஸில் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் அகலம் அடங்கும். புளோக் முழுதும் வரும், காப்பிக்கடையும் வரும். யார் தலைக்கு மேலும், யார் வீட்டுக்கு மேலும் பறக்கவே வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் இதைச் சொன்னாலே பாதிக் கவலை போய்விடும்.

இன்னொன்று, இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். செயலி காட்டும் உயரம் நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து. சட்டம் பேசும் உயரம் கடல்மட்டத்திலிருந்து. திடல் கடல்மட்டத்திலிருந்து 14 மீட்டர் மேலே என்றால் உங்கள் 40 அவர்களுக்கு 54. கார் நிறுத்துமிட உச்சியிலிருந்து ஏற்றினால் அந்த மாடிகளின் உயரமும் சேரும். புக்கித் தீமா குன்றின் உச்சி 163 மீட்டர். அங்கே ட்ரோனைத் தரையில் வைத்தாலே 200 அடியைத் தாண்டியாயிற்று. இரண்டு எண்ணையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

கடைசியாகத் திசை. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கினால் உங்கள் படத்தின் பின்னணியில் என்ன இருக்கிறது? விமானப்படைத் தளம். பாதுகாக்கப்பட்ட இடத்தைப் படமெடுக்க அனுமதி கேட்கிற மாதிரி ஆகிவிடும். காலை வெயிலும் நேரே லென்ஸில் விழும், புளோக் கறுத்துப் போகும். கிழக்குப் பக்கம் கால்வாயை ஒட்டி ஒரு திடல் இருப்பது ஒன்மேப்பில் தெரிகிறது. அங்கே நின்று மேற்கு நோக்குங்கள். தளம் உங்கள் முதுகுக்குப் பின்னால். வெயில் புளோக்கின் முகத்தில் விழும். அம்மாவின் மூங்கில் கழி அந்தப் பக்கம்தானே?

காத்தாடி_ஹவ்காங் | மார்ச் 6, காலை 7:52

ஆமாம் அண்ணா. சமையலறைச் சன்னல் கிழக்குப் பக்கம்தான்.

பழைய_டெக்னீஷியன் | மார்ச் 6, மதியம் 1:15

வானோடி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். "வீடு திரும்பும் உயரம்" என்று ஓர் அமைப்பு இருக்கும். தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாக அந்த உயரத்துக்கு ஏறித்தான் திரும்பும். என் மகனுடைய ட்ரோனில் பார்த்தேன், 100 மீட்டர் என்று இருந்தது. 40 மீட்டருக்கு அனுமதி வாங்கியவர் ட்ரோன், ஒரு நொடி சிக்னல் போனதும் 100க்கு ஏறினால்? உச்ச வரம்பையும் வீடு திரும்பும் உயரத்தையும் அனுமதிக்குள் வையுங்கள். திடலில் மரமில்லாத இடமாகப் பார்த்து ஏற்றுங்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். நீங்கள் திரையைப் பார்க்கும்போது அவர் வானத்தையும் சத்தத்தையும் கவனிக்கட்டும். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் எங்கே என்று தேடாதீர்கள், உடனே இறக்குங்கள்.

செல்வி_ஈசூன் | மார்ச் 8, மாலை 5:20

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். ஈசூனில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி வரிசையை மேலிருந்து எடுக்க என் தம்பி ஆசைப்படுகிறான். அதற்கும் இதே வழிதானா? அவனுக்கு வயது 15.

மீனாள் | மார்ச் 8, மாலை 6:05

செல்வி, வேண்டாம்மா. செம்பவாங் தளத்தின் வட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கீழே ஆயிரக்கணக்கில் பக்தர்கள், அலகு குத்தியவர்கள், கைக்குழந்தைகள். இறக்கை ஒன்று உடைந்தால் போதும். நான் இதைத் தொழிலாகச் செய்பவள், கூட்டத்தின் மேல் பறக்க நானே அனுமதி கேட்க மாட்டேன். பக்கத்துக் கட்டடம் எதிலாவது அனுமதி கேட்டு மேல்மாடியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், அழகாகவே வரும். பெரிய ட்ரோன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதைப் பதிவுசெய்யக் குறைந்தது 16 வயது ஆக வேண்டும். 2025 டிசம்பர் 1லிருந்து 250 கிராமுக்கு மேற்பட்டவை வெளியில் பறக்க ரிமோட் ஐடியும் (ட்ரோனின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும் அமைப்பு) வேண்டும்.

காத்தாடி_ஹவ்காங் | ஏப்ரல் 4, இரவு 8:45

ஒரு மாதம் எழுதவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

விண்ணப்பத்தை முழுதாக மாற்றி எழுதினேன். ஒரு வாரம் கழித்து இரண்டு கேள்வி வந்தது: கேமரா எந்தத் திசை நோக்கும், தொடர்பு அறுந்தால் ட்ரோன் என்ன செய்யும். இரண்டுக்கும் பதில் இந்த இழையிலேயே இருந்தது. திரையைப் படமெடுத்து இணைத்து அனுப்பினேன். நிலத்துக்குத் தனியாகக் கேட்டு, அந்தப் பதிலும் வந்தது. நேற்று அனுமதி கிடைத்தது. தரையிலிருந்து 40 மீட்டருக்கு மேல் கூடாது. இரண்டு ஞாயிறு. ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் குறிப்பிட்ட எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும்.

அப்பாவிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "எனக்காகவா இவ்வளவு எழுதினே?" என்றார்.

ராஜா_ஜூரோங் | ஏப்ரல் 4, இரவு 9:02

நண்பரே, வானத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்களே, யாரும் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். ஜூரோங்கிலிருந்து முதல் எம்ஆர்டி பிடித்தால் ஏழரைக்கு வந்துவிடலாம்.

காத்தாடி_ஹவ்காங் | ஏப்ரல் 20, மதியம் 2:30

முதல் ஞாயிறு மழை. ஏற்றவில்லை, அழைத்துச் சொல்லிவிட்டோம். இன்று கிடைத்தது.

ராஜா ஏழேகாலுக்கே வந்துவிட்டார், கையில் எல்லாருக்கும் காப்பிப் பொட்டலம். 7:50க்கு அழைத்தேன். எதிர்முனையில் உயரத்தையும் நேரத்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். "சரி, தொடரலாம்" என்றார்கள். மொத்தம் ஒன்பது நிமிஷம், 14 படம். நடுவில் ஒரு முறை ராஜா தோளைத் தட்டி "சத்தம்" என்றார். இறக்கிவிட்டேன். ஹெலிகாப்டர் வெகுதூரத்தில் போய்விட்டது. இருந்தாலும் ஐந்து நிமிஷம் பொறுத்துத்தான் மறுபடி ஏற்றினோம்.

அப்பா திடல் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனாள் அக்கா சொன்னபடி தாள் ஒட்டியிருந்ததால் ஆறாம் மாடி மலாய்க்காரப் பாட்டியும், எட்டாம் மாடியில் புதிதாக வந்த சீனக் குடும்பமும் நடைபாதைக் கைப்பிடிச் சுவர் அருகே நின்று கையசைத்தார்கள். அம்மா மட்டும் வரவில்லை. சமையலறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒன்பதாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நான்காம் மாடி, இடமிருந்து மூன்றாவது சன்னல். கழியில் மூன்று சட்டை, ஒரு பச்சைப் புடவை. அதற்குப் பின்னால் அம்மா ட்ரோனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

வானோடி | ஏப்ரல் 20, மதியம் 2:48

எந்த அளவில் அச்செடுக்கப் போகிறீர்கள்?

காத்தாடி_ஹவ்காங் | ஏப்ரல் 20, மதியம் 3:05

புது வீட்டுச் சுவரை நேற்று அளந்துவிட்டார் அப்பா. மூன்றடிக்கு இரண்டடி.